வளைந்த ஃபிரெட்போர்டில் பெண்ட் பாதியில் சாகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எலெக்ட்ரிக் கிதாரின் மெல்லிய இ கம்பி, 15வது ஃபிரெட் (ஃபிரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), ஒரு ஃபுல் பெண்ட், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி சுருதியை ஒரு முழு டோன் ஏற்றுவது. சுருதி அழகாக ஏறிக்கொண்டே போகிறது. உச்சியைத் தொடப்போகும் நேரத்தில் ‘டிக்’ என்று சத்தம் செத்துப்போகிறது. ஃபெண்டரின் பழைய பாணி ஸ்ட்ராட், டெலி கிதார்களை வாசிக்கும் பலருக்கும் இந்த இடம் தெரியும். தெரிந்ததும் கை முதலில் போவது ட்ரஸ் ராடுக்கு, அதாவது நெக்குக்குள் ஓடி அதன் நீளவாக்குக் குழிவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டுக்கு.

என் முதல் 7.25 அங்குல நெக்கில் நானும் அதைத்தான் செய்தேன். (இந்த அங்குலம் ஃபிரெட்போர்டின் குறுக்கு வளைவின் ஆரம்; எண் சிறிதானால் வளைவு அதிகம்.) ஒரு மாலை முழுக்க ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தேன். சத்தம் செத்த இடம் மாறவில்லை. ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) மட்டும் ஏறியது. அதை இறக்க, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைக் குறைத்தேன், பெண்ட் முன்பைவிடச் சீக்கிரமாகச் சாக ஆரம்பித்தது. அதனால்தான் இந்தக் குறிப்பை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். எந்தக் கம்பி, எந்த ஃபிரெட், எந்தத் திசை என்று முதலில் பாருங்கள். ஆலன் கீயை அதற்கப்புறம் எடுக்கலாம்.

தொடங்கும் முன்

புதுக் கம்பி போட்டு, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சுருதியில் வைத்து, கம்பியை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள். கிதாரை மேசையில் படுக்க வைக்காமல் வாசிக்கும் நிலையில் பிடித்தே அளவெடுங்கள். படுக்க வைத்தால் நெக்கின் எடையே அளவைச் சற்று மாற்றிவிடும்.

தேவையானவை: அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஸ்கேல், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), சேடிலுக்கான ஆலன் கீ. அதோடு ஒரு தடித்த அட்டை. நூலில் பென்சிலைக் கட்டி 184 மிமீ ஆரத்தில் அட்டையில் ஒரு வில் வரைந்து வெட்டுங்கள். 7.25 அங்குலம் என்பது அதுதான். ஒரே வெட்டில் இரண்டு துண்டு கிடைக்கும். குழிந்த துண்டைக் கம்பி கழற்றிய நேரத்தில் ஃபிரெட்போர்டின்மேல் கவிழ்த்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கலாம். மேடான துண்டை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் நுழைத்தால் ஆறு கம்பிகளும் அதே வளைவில் இருக்கின்றனவா என்று தெரியும். இதேபோல் 241 மிமீ ஆரத்தில், அதாவது 9.5 அங்குலத்துக்கு, இன்னொன்றும் வெட்டி வையுங்கள். அது பின்னால் வேண்டும்.

இ, பி கம்பிகளில் மட்டும், 12வது ஃபிரெட்டுக்கு மேல், பெண்ட்டின் உச்சியில் சாகிறது

வளைவுதான் காரணம் என்று சொல்ல வைக்கும் அறிகுறி இதுதான்.

ஒரு குழாயின்மேல் ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். முழுக்க ஒட்டிக் கிடக்கும். அதையே சற்றுச் சாய்த்து வையுங்கள். நடுவில் முட்டும், இரண்டு முனையும் தூக்கிக்கொள்ளும். பெண்ட் செய்யும்போது கம்பி அந்தச் சாய்ந்த ஸ்கேல் மாதிரி ஆகிறது. ஆனால் அதன் முனைகளால் தூக்கிக்கொள்ள முடியாது. ஒரு முனையை உங்கள் விரலும் மறு முனையை சேடிலும் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகவே நடுவில் இருக்கும் ஃபிரெட்கள் கம்பியை முட்டுகின்றன.

ஃபிரெட்போர்டின் நடுக்கோட்டிலிருந்து 22 மிமீ தள்ளியிருக்கும் ஓரக் கம்பியின் இடம், நடுமுதுகைவிட 7.25 அங்குல வளைவில் சுமார் 1.3 மிமீ தாழ்ந்திருக்கிறது. 9.5இல் அது 1 மிமீ, 12இல் 0.8, 16இல் 0.6. பழைய ஃபெண்டர்களில் 7.25, இன்றைய பல ஃபெண்டர்களில் 9.5, கிப்சன்களில் பொதுவாக 12. அந்த ஓரப் பள்ளத்திலிருந்து முதுகை நோக்கி நீங்கள் கம்பியைத் தள்ளுகிறீர்கள். சேடில் பக்கம் மட்டும் பள்ளத்திலேயே நிற்கிறது.

சாதாரண ஆக்‌ஷனில், 15வது ஃபிரெட்டில், இ கம்பியை ஜி கம்பி இருந்த இடம் வரை தள்ளினால், விரலுக்கு அடுத்துள்ள ஃபிரெட்களின் மேல் இருந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. 12 அங்குல வளைவிலும் சுமார் 30 சதவீதம் போகத்தான் செய்யும். தட்டையான நெக்கில் கம்பி ஒட்டிப் பறக்கிற மாதிரி ஆக்‌ஷன் வைத்தும் பெண்ட் சாகாமல் இருப்பதன் காரணம் இதுதான். அதே ஆக்‌ஷனை 7.25இடம் கேட்கக் கூடாது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தி பாரே பிடிக்கும்போதும், கட்டைவிரலை மேலே கொண்டுவந்து தடித்த கம்பியை அழுத்தும்போதும் அந்த வளைவு கைக்குக் கொடுக்கும் சுகத்துக்கு ஈடு கிடையாது. அதற்குத் தக்க உயரத்தை நாம் கொடுத்தாக வேண்டும்.

வளைவுதானா என்று உறுதி செய்ய ஜி கம்பியில் அதே இடத்தில் ஃபுல் பெண்ட் செய்யுங்கள். ஜி கம்பி தடிமனானது, பின்னல் இல்லாதது. அதே அளவு சுருதி ஏற அது இ கம்பியைவிடக் குறைவாக நகர்ந்தாலே போதும். குறைவாக நகர்ந்தால் சாய்வும் குறைவு. ஜி சுத்தமாகப் பாடி, இ மட்டும் செத்தால் வளைவும் உயரமும்தான் விஷயம். ஜியும் செத்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். அங்கே ஃபிரெட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, திருத்தம். முதலில் ரிலீஃப், அதாவது நெக்கின் நீளவாக்கில் இருக்கும் லேசான குழிவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, தடித்த இ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, 8வது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழையுங்கள். 7.25 நெக்குக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு 0.3 மிமீ, 9.5 முதல் 12 வரை 0.25 மிமீ. இதைவிடக் கூடுதலாக இருந்தால் ராடை வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். பழைய பாணி நெக்கில் ராடின் நட் உடம்புப் பக்கம் இருக்கும். நெக்கைக் கழற்றித்தான் திருக முடியும். பொறுமையாகச் செய்யுங்கள்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ராடைத் தளர்த்தினால் நெக்கின் நடுப்பகுதி குழிகிறது. உடம்போடு சேரும் மேல்பகுதியில் ராடின் வேலை மிகக் குறைவு. பெண்ட் சாகிற இடமோ அந்த மேல்பகுதி. ராடைத் தளர்த்தி, ஏறிய ஆக்‌ஷனை சேடிலில் இறக்கினால் மேல் ஃபிரெட்களுக்கு இருந்த இடைவெளியையும் பறித்துவிடுகிறோம். நான் அந்த மாலையில் செய்தது இதுதான். நேர்மாறாகப் போங்கள். ரிலீஃப் மிகையாக இருந்தால் அளவுக்கு இறக்குங்கள், சேடிலை ஏற்றுங்கள். நடு நெக்கில் உயரம் கையைத் தொந்தரவு செய்யாது, மேலே பெண்டுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்து சேடில். 17வது ஃபிரெட்டில், எதையும் அழுத்தாமல், ஃபிரெட் தலையிலிருந்து கம்பியின் அடிப்புறம் வரை அளக்க வேண்டும். 7.25க்கு ஃபெண்டரின் அளவு தடித்த பக்கம் 2 மிமீ, மெல்லிய பக்கம் 1.6 மிமீ. முதலில் 184 மிமீ அட்டையைக் கம்பிகளுக்கு அடியில் வைத்து ஆறு சேடில்களையும் அந்த வளைவுக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து பெண்ட் சோதனை. இன்னும் சாகிறதா? இப்போது 241 மிமீ அட்டையை எடுங்கள். மெல்லிய பக்கத்தை மட்டும் அந்தத் தட்டையான வளைவுக்கு ஏற்றுங்கள். சேடிலில் இ கம்பி சுமார் 0.4 மிமீ, பி சுமார் 0.15 மிமீ ஏறும். 17வது ஃபிரெட்டில் இது இ கம்பிக்குக் கால் மிமீதான், கை அதிகம் உணராது. ஆனால் பெண்ட்டின் உச்சியில் மிஞ்சும் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு திருகுகள் உள்ள பிரிட்ஜ் என்றால் இரண்டையும் சமமாகத் திருகுங்கள். சேடில் சாய்ந்து நின்றால் பெண்ட்டின்போது கம்பி அதன்மேல் வழுக்கும். உயரம் மாற்றியபின் இன்டொனேஷனையும் (மேல் ஃபிரெட்களிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதையும்) ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் கிதாரில் இ கம்பி கடைசியில் 1.8 மிமீயில் நின்றது. ஒன்றரை டோன் பெண்டும் சுத்தமாகப் பாடியது. எண்ணைவிட காதை நம்பலாம். நீங்கள் வாசிக்கும் மிகப் பெரிய பெண்ட்டை, நீங்கள் வாசிக்கும் வேகத்தில், வழக்கமான அழுத்தத்தில் மீட்டிப் பாருங்கள். அது பாடும் அளவே உங்கள் அளவு.

கிப்சன்களில் காணப்படும், இரண்டு தூண்களில் நிற்கும் டியூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜில் சேடில்களைத் தனித்தனியாக ஏற்ற முடியாது. அங்கே மெல்லிய பக்கத்துத் தூணை ஏற்றுவதே வழி. நெக் 12 அங்குலமாக இருப்பதால் பெரும்பாலும் அதுவே போதும்.

ஒரு குறிப்பிட்ட ஃபிரெட்டில் மட்டும் சாகிறது, அல்லது எல்லாக் கம்பிகளிலும் ஒரே இடத்தில் சாகிறது

இங்கே வளைவைக் குறை சொல்ல முடியாது. ஏதோ ஒரு ஃபிரெட் துருத்திக்கொண்டிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க அறை விளக்கை அணைத்துவிட்டு, கிதாரின் பின்னால், நெக்கின் மட்டத்தில் ஒரு விளக்கை வையுங்கள். சத்தம் சாகும் வரை பெண்ட் செய்து, அந்த இடத்திலேயே விரலைப் பிடித்து நிறுத்துங்கள். கண்ணை பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோய், கம்பியின் அடியில் தலைப்பக்கமாகப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டுக்கு மேலும் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். எந்த ஃபிரெட்டின்மேல் அந்தக் கோடு அணைகிறதோ அதுதான் இடிக்கிறது. கை நடுங்கினால் நண்பர் ஒருவரைப் பெண்ட் பிடிக்கச் சொல்லிவிட்டு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கம்பிக்கடியில் ஃபிரெட் ஃபிரெட்டாக இழுத்துப் பாருங்கள். இடிக்கிற இடத்தில் காகிதம் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஃபிரெட் ராக்கர். மூன்று ஃபிரெட்களின்மேல் மட்டும் படும் அளவுக்கு ஒரு சிறு நேர்விளிம்பு இருந்தால் போதும். சந்தேகப்படும் ஃபிரெட் நடுவில் வரும்படி வைத்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் நடு ஃபிரெட் உயரம். இதை ஃபிரெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, மூன்று நான்கு இடங்களில் செய்ய வேண்டும். ஓரத்தில் மட்டும் ஆடி, நடுவில் ஆடாமல் இருந்தால் ஃபிரெட்டின் முனை மரத்திலிருந்து எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் அது அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால் அதைத் தேய்க்காதீர்கள், திரும்ப உட்கார வைத்து ஒட்ட வேண்டும். அமுங்காத உயரமான ஃபிரெட்டைத்தான் தேய்த்து, தலையை மறுபடி உருட்ட வேண்டும். முன்பின் செய்யாதவர்கள் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. தேய்த்த உலோகம் திரும்ப வராது.

கடைசி ஆறேழு ஃபிரெட்கள் முழுக்க இடிக்கின்றன, எவ்வளவு ஏற்றினாலும் போதவில்லை

நெக் உடம்போடு சேரும் இடத்தில் ஃபிரெட்போர்டு மேலே எழும்பியிருக்கும் கோளாறு இது. 12வது ஃபிரெட்டிலிருந்து கடைசி ஃபிரெட் வரை ஒரு நேர்விளிம்பை வைத்து ஓரமாகப் பாருங்கள். நேராகவோ, மிக லேசாகக் கடைசியில் இறங்கியோ இருக்க வேண்டும். கடைசிப் பக்கம் ஏறியிருந்தால் எந்த சேடில் உயரமும் முழுதாகச் சரிசெய்யாது. நெக் பாக்கெட்டின் (உடம்பில் நெக் உட்காரும் குழியின்) ஒரு முனையில் மட்டும் சிறு ஷிம் (மெல்லிய துண்டு) வைத்து இறுக்கியதால் நாளடைவில் இப்படி வளைந்த நெக்குகளும் உண்டு. முழுப் பரப்பையும் தாங்கும் சாய்வான ஷிம் நல்லது.

திருத்தம் ஃபிரெட்களைச் சமன் செய்வதுதான். செய்பவரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசி ஃபிரெட்கள் சற்று இறங்கிப் போகட்டும். கூடவே, மேல் ஃபிரெட்களின் நடுமுதுகைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்து, அங்கே வளைவைத் தட்டையாக்கட்டும். மரத்தில் 7.25 அப்படியே இருக்கும், ஃபிரெட் தலைகள் மட்டும் மேலே போகப்போக 9.5, 10 என்று விரியும். தலைப்பக்கம் பாரேயின் சுகம் போகாது, மேலே பெண்டுக்கு வழி பிறக்கும். கம்பிகள் நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும், பள்ளங்கள் உள்ள பட்டை) பிரிட்ஜுக்கு விசிறி போல் விரிகின்றன. அப்படி விரியும் கம்பிகளுக்கு உருளையைவிடக் கூம்பு வடிவமே பொருத்தமானது. 10இலிருந்து 16 வரை விரியும் வார்மோத் நிறுவன நெக்குகளின் பின்னால் இருக்கும் எண்ணமும் இதுவே. இந்த வேலைக்கு ஃபிரெட்டில் உயரம் மிச்சம் இருக்க வேண்டும். பழைய மெல்லிய ஃபிரெட்கள் புதிதாக இருக்கும்போதே சுமார் 1.1 மிமீதான். ஏற்கெனவே தேய்ந்திருந்தால் ஃபிரெட் மாற்றுவதுதான் சரி. மாற்றுவதானால் 1.4 மிமீ உயரமுள்ள குறுகிய வகை வளைந்த நெக்கில் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெண்ட் பாடுகிறது, ஆனால் கம்பி விரலின் கீழிருந்து நழுவுகிறது

தேய்ந்த, தாழ்ந்த ஃபிரெட். விரல் மரத்தில் உராய்கிறது, கம்பியின் பக்கவாட்டைப் பிடிக்க முடிவதில்லை. ஆக்‌ஷன் மிகத் தாழ்வாக இருந்தாலும் இதே உணர்வு வரும். தள்ளும்போது பக்கத்துக் கம்பி விரலுக்கு மேலே ஏறிவிடும். சேடிலைக் கால் சுற்று ஏற்றிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

கனமாக இருக்கிறது, ஃபுல் பெண்ட் சுருதியைத் தொட மறுக்கிறது

ஃபுல் பெண்டுக்குக் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 26 சதவீதம் கூட வேண்டும், ஒன்றரை டோனுக்கு 41. எந்த செட்டப்பும் இதை மாற்றாது. மாற்றக்கூடியது தொடக்க இழுவிசைதான். நட்டிலிருந்து சேடில் வரை 25.5 அங்குல நீளமுள்ள கிதாரில் 10 கேஜ் (0.010 அங்குலத் தடிமன்) இ கம்பியின் இழுவிசை சுமார் 7.35 கிலோ, 9 கேஜில் சுமார் 6 கிலோ. கிப்சனின் 24.75 அங்குலத்தில் 10 கேஜே 6.9 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆனால் கேஜைக் குறைத்தால் கம்பி அதிகமாகத் தளும்பும், ரிலீஃபும் மாறும். மேலே சொன்ன அளவுகளை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

மிதக்கும் ட்ரெமோலோ (ஸ்பிரிங்கில் நின்று, கையால் அசைத்துச் சுருதி மாற்றும் பிரிட்ஜ்) இருந்தால் இன்னொரு காரணம் உண்டு. நீங்கள் இழுக்க இழுக்க பிரிட்ஜும் முன்னே சாய்ந்து கொடுக்கிறது. இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கும். கூடவே ஒலிக்கும் மற்றக் கம்பிகள் சுருதி இறங்கும். ஒரு கம்பியை மட்டும் மீட்டி, வேறொன்றைப் பெண்ட் செய்து கேட்டால் உடனே தெரியும். ட்ரெமோலோ கையை மேலே இழுக்கும் பழக்கம் இல்லாதவர் பின்னால் ஸ்பிரிங்குகளைக் கூட்டி பிரிட்ஜை உடம்போடு உட்கார வைத்துவிடலாம். இந்தப் பிரச்சினையில் பாதி அப்போதே அடங்கும்.

பெண்ட் முடிந்து திரும்பியதும் சுருதி இறங்கியிருக்கிறது

இறங்கிய கம்பியை நட்டுக்குப் பின்னால், ட்யூனிங் பெக் பக்கமாக, விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி திரும்ப ஏறினால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. பெண்ட் இழுத்துக்கொண்ட நீளம் திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்டது. ‘டிங்’ என்று ஒரு சிறு சத்தமும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். பள்ளத்தில் மென்மையான பென்சிலின் கரியைத் தேயுங்கள். போதவில்லையென்றால் பள்ளம் கம்பியைவிடக் குறுகலாக இருக்கலாம், கேஜ் ஏற்றியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அழுத்தியும் ஏறவில்லையென்றால் பெக்கில் கம்பி சரியாகச் சுற்றப்படவில்லை, அல்லது இன்னும் இழுத்துவிடப்படவில்லை.

சத்தம் சாகவில்லை, ஆனால் பெண்ட்டின் நடுவில் தாழ்ந்து எழுகிறது

ஆம்ப்பை அணைத்துவிட்டு, கிதாரின் உடம்பில் காதை வைத்து அதே பெண்ட்டை மீட்டுங்கள். அங்கே சீராகக் கேட்டால் ஃபிரெட்டில் குறையே இல்லை. கம்பி பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) ஒரு காந்தத்தை விட்டு இன்னொன்றுக்கு நகரும் இடைவெளியில் ஒலி குறைகிறது. பிக்கப்பைச் சிறிது இறக்குங்கள். பழைய பாணி ஒற்றைக் காயில் பிக்கப்புக்கு, கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில், தடித்த பக்கம் 2.4 மிமீ, மெல்லிய பக்கம் 2 மிமீ நல்ல தொடக்கம். உடம்பிலேயே தாழ்ந்து கேட்டால் கம்பி ஏதோ ஃபிரெட்டை உரசிக்கொண்டு போகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு ஒளிக்கோடு சோதனைக்குத் திரும்புங்கள்.

விப்ராட்டோ செய்யும்போது இ கம்பி ஓரத்திலிருந்து விழுகிறது

இரண்டு ஓரங்களிலும் கம்பிக்கும் ஃபிரெட் முனைக்கும் உள்ள தூரத்தை 12வது ஃபிரெட்டில் பாருங்கள். மெல்லிய பக்கம் குறைவாக இருந்தால், திருகில் நிற்கும் நெக் என்றால் நான்கு திருகுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்தி, கம்பிகள் இறுகிய நிலையிலேயே, தலைப்பக்கத்தைப் பிடித்து நெக்கைத் தடித்த கம்பி இருக்கும் திசைக்கு மெதுவாகத் தள்ளுங்கள். அசைவு மில்லிமீட்டரில் ஒரு பங்குதான், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். திருகுகளை இறுக்கி, சுருதி சேர்த்து, மறுபடி 15வது ஃபிரெட்டில் அந்த ஃபுல் பெண்ட்டை மீட்டிப் பாருங்கள்.